மான் பாட்டு

என் மனைவி நெதர்லாந்தில் இருக்கிறாள் என்று சொன்னால் கள்ளக்குறிச்சியில் பாதிப் பேர் தாய்லாந்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் நியூசிலாந்து என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரர், ஒரு வருஷம் ஆகியும், "இன்னா சார், சுச்சர்லாந்துல குளிரு ஜாஸ்தியா?" என்றுதான் விசாரிக்கிறார். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். பிறகு, ஜாஸ்திதான் என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் பழகிவிட்டேன். எந்த லாந்தாக இருந்தால் என்ன, அவள் இங்கே இல்லை என்பதுதான் என்னைப் பொறுத்தவரை விஷயம்.

அவள் நர்ஸ். மூங்கில்துறைப்பட்டுக்காரி. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும் சாலையில், அவற்றுக்கு நடுவே சைக்கிளை நுழைத்துப் பள்ளிக்கூடம் போனவள். அவளுக்குப் பயம் காட்டி எதையும் தடுக்க முடியாது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் முடிந்து அந்த ஊர் மொழியில் தேறிவிட்டால் எங்களையும் அழைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு வந்தபோது, "போகட்டுங்களா?" என்று என்னைக் கேட்டாள். கேட்ட விதத்திலேயே முடிவு தெரிந்தது. நான் பெருந்தன்மையாக "போய்ட்டு வா" என்றேன். அந்தப் பெருந்தன்மை விமான நிலையத்தோடு தீர்ந்துபோனது.

நான் கால்நடை ஆய்வாளர். ஜனங்கள் மாட்டு டாக்டர் என்பார்கள். டாக்டர் வேறு ஆள், நான் ஊசியும் ஐஸ் பெட்டியுமாக ஊர் ஊராகப் போகிறவன். "ஊட்டுக்காரம்மா வெள்ளக்காரனுக்கு ஊசி போடுது, நீ நம்மூரு மாட்டுக்குப் போட்டுக்கினு இருக்கிற" என்று கூட வேலை பார்க்கும் ஒருவர் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு நினைத்து நினைத்துப் பல்லைக் கடிப்பேன்.

அவள் கிளம்பும்போது எங்கள் மகளுக்கு மூன்றரை வயது. இப்போது எல்.கே.ஜி. பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டில் இருப்பாள். அந்த வீட்டம்மாவை நாங்கள் எல்லோரும் காலா என்றுதான் கூப்பிடுவோம். உருதுவில் சித்தி என்று அர்த்தம். அவர் கணவருக்குக் கடைத்தெருவில் மெத்தைக் கடை. காலா வீட்டிலேயே ரவிக்கை தைப்பார். மகள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். நான் நாலரைக்கு வந்து அழைத்துப்போவேன். ஐந்து மணிவாக்கில் நெதர்லாந்தில் மதியச் சாப்பாட்டு இடைவேளை. அந்த நேரத்துக்கு வீடியோ கால் வரும்.

முதல் பத்து மாதம் ஒழுங்காகத்தான் போனது. மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு, அன்றைக்குப் பள்ளியில் யார் யாரைக் கடித்தார்கள் என்பதுவரை சொல்லி முடிப்பாள். ஐப்பசியில் ஒருநாள் திடீரென்று நிறுத்திவிட்டாள். போன் அடித்ததும் எழுந்து ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். "அம்மா கூப்புடுது, வா" என்றால் வரமாட்டாள். "ஒரே ஒரு வார்த்த பேசு" என்றால் பேசமாட்டாள். குனிந்து போனை நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். திரையில் என் மனைவி அந்தச் சின்ன முதுகைப் பார்த்து "கண்ணு, பாப்பா, அம்மாடா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். கையில் பிரெட் இருக்கும். அதைக் கடிக்கக்கூட மாட்டாள்.

ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. என்ன கோபம் என்று கேட்டால் மகள் சொல்லவில்லை. நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. காலையில் தலைவாரிப் பின்னல் போடுகிறவன் நான். டிபன் பாக்ஸ் கட்டுகிறவன் நான். காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருக்கிறவன் நான். அவ்வளவு தூரம் போனால் இப்படித்தான் ஆகும், அனுபவி என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. மகள் என் பக்கம் வந்துவிட்டாள் என்று எனக்கொரு வெற்றி. வெளியே மட்டும், "சின்னப் புள்ளதான, சரியாப்பூடும்" என்று மனைவிக்கு ஆறுதல் சொல்வேன்.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒருநாள் அவள் சொன்னாள். "ஏங்க, அவ என்ன மறந்துக்கினு வரா. பொங்கல் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஒரு வார்த்தையாச்சும் பேசலன்னா, வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேன். பெத்த புள்ளைக்கு யாரோவா ஆயிட்டு, எனக்கு இன்னா வேலை வேண்டிக் கெடக்குது?"

அவசரப்படாதே, நான் அவளிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "உன் இஷ்டம்" என்றேன். போனை வைத்துவிட்டுப் பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்த்தேன்.

வீடியோ கால் போக, அவள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளும் அனுப்பிக்கொண்டிருந்தாள். பாதி டச்சுப் பயிற்சி. அந்த மொழியில் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஓர் ஒலி இருக்கிறது. மீன் முள் சிக்கியவர்களுக்கு அது சுலபமாக வரும், இவளுக்கு வரவில்லை. ஐப்பசியிலிருந்து பாட்டு வேறு சேர்ந்துகொண்டது. இல்லத்தில் பனிக்கால விழாவுக்கு எல்லோரும் சேர்ந்து பாடும் பழைய பாட்டாம். அந்த நாட்டில் குழந்தையிலிருந்து கிழவர்வரை எல்லோருக்கும் தெரியுமாம். பாடிப் பதிவுசெய்து, "நல்லா வருதான்னு சொல்லுங்க" என்று அனுப்புவாள். இரண்டு வரி கேட்டுவிட்டு ஒரு கட்டை விரல் படத்தைப் போடுவேன். போகப்போக, கேட்காமலே கட்டை விரல். ஒரு தடவை நீளமாகப் பேசி அனுப்பியதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டேன்.

மாலையில் நான் அடுப்படியில் இருக்கும்போது மகளிடம் போனைக் கொடுத்துவிடுவேன். நல்ல அப்பன் செய்கிற காரியம் இல்லைதான். கட்டிலுக்கு அடியிலிருந்து புரியாத பாஷையில் ஏதோ சத்தம் வரும். கார்ட்டூன் என்று நினைத்துக்கொண்டு தோசையைத் திருப்பிப் போடுவேன்.

அந்தச் சனிக்கிழமை கல்வராயன் மலையில் கோமாரி தடுப்பூசி முகாம். காலா திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மகளை எங்கே விடுவது? குல்லா, ஸ்வெட்டர் எல்லாம் மாட்டி, வண்டியில் முன்னால் உட்காரவைத்து, ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு விடிந்தும் விடியாமலும் கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டும்வரை தூங்கி வழிந்தாள். கோமுகி அணைப் பக்கம் மலை தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ப்பா, மலையில மான் இருக்குமா?"

"இருக்கும்."

"வருமா?"

"தெரியாது. வந்தா பாக்கலாம்."

"வரும்," என்றாள். பள்ளியில் ஏதோ படம் காட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வளைவுகளில் கவனமாக ஏறினேன்.

மேய்ச்சலுக்கு அவிழ்ப்பதற்கு முன்னால் போய்விட வேண்டும், இல்லையென்றால் மாடுகளைக் காட்டுக்குள் தேடிக்கொண்டு திரிய வேண்டியதுதான். நாங்கள் போனபோது பனி இன்னும் விலகவில்லை. ஒவ்வொருவராக மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மகளை ஒரு பாறைமேல் சாக்கு விரித்து உட்காரவைத்துவிட்டு, ஊசி போடுவதும் காதில் மாட்டிய அடையாள வில்லையின் எண்ணைக் குறிப்பதுமாக வேலையில் இறங்கினேன். அவள் காட்டுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஏழெட்டு மாடு முடிந்திருக்கும். ஒரு செவலைப் பசுவின் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த விவசாயி கேட்டார்: "சார், பாப்பா இன்னா பாட்டு பாடிக்கினு கீது? இங்கிலீசா?"

அப்போதுதான் நானும் காதுகொடுத்தேன். இங்கிலீஷ் இல்லை. அந்தத் தொண்டைச் செருமல் வந்தது. என் மனைவி ஒரு வருஷமாக மல்லுக்கட்டியும் வராத அந்த ஒலி, என் மகள் வாயில் அச்சுப் பிசகாமல் வந்தது. நான் ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றேன். பாட்டு கொஞ்ச தூரம் போய் நின்றது. "ச்சே!" என்றாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போனதும் கிழவி இருமுவது மாதிரி இரண்டு தடவை இருமினாள். கட்டைக் குரலில் ஏதோ ஒரு சொல் சொன்னாள். பிறகு பழைய குரலில் பாட்டைத் தொடர்ந்தாள்.

பனியில் சளி பிடித்துவிட்டது என்றுதான் முதலில் பயந்தேன். இரண்டாவது தடவையும் அதே இடத்தில் "ச்சே", அதே இடத்தில் இரண்டு இருமல், அதே கட்டைக் குரல். அந்த "ச்சே" எனக்குத் தெரிந்த "ச்சே". சப்பாத்தி வட்டமாக வராதபோது என் மனைவி சொல்வது. குரல் பதிவில் இருந்த பிழையையும் சலிப்பையும் யாரோ பக்கத்தில் இருமியதையும் சேர்த்து, அதுதான் முழுப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு இவள் மனப்பாடம் பண்ணியிருக்கிறாள்.

இன்னொன்றும் பார்த்தேன். பாட்டில் 'மான்' என்று ஒரு சொல் அடிக்கடி வந்தது. அது வரும்போதெல்லாம் இரண்டு கையையும் தலைக்குமேல் வைத்து விரல்களை விரித்துக் கொம்பு காட்டினாள்.

பசுவுக்கு ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டு அவளிடம் போனேன்.

"இந்தப் பாட்ட யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"அம்மா."

"எப்போ?"

"தெனமும்தான். போன்ல."

"நீதான் அம்மாகிட்ட பேசறதே இல்லியே."

"பேசல. பாட்டுதான் கேக்குறேன்." இது தெரியாதா என்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.

"ஏன் பேசமாட்டேங்கிற?"

பாறை இடுக்கிலிருந்த புல்லைப் பிடுங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த விவசாயி அடுத்த மாட்டைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லை என்று கையைக் காட்டினார்.

"அம்மாகிட்ட மான் இருக்கு," என்றாள். "மான் மான்னு பாடுதில்ல? காட்டுன்னு கேட்டேன். இங்க மான்லாம் இல்லடான்னு சிரிச்சிட்டு வெச்சிடுச்சி. பொய். இருக்கறதாலதான பாடுது?"

அவள் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டேன்.

"மான்கூட வெளையாடிக்கினு இருக்குது. அதான் வூட்டுக்கு வரமாட்டேங்குது," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க நாம ஒரு மான் புடிச்சிக்கினு போனா, அம்மா வந்துடும் இல்லப்பா?"

ஒன்றரை மாதமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த வெற்றி அந்தப் பாறைமேல் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. அவள் என் பக்கம் வரவேயில்லை. அம்மாவை எப்படி வரவழைப்பது என்று அவள் தன் போக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பக்கத்திலேயே இருந்தும் அவளுக்கு ஒத்தாசை செய்யவில்லை.

முகாம் முடிந்ததும் அந்த விவசாயி வீட்டில் எங்களுக்குச் சூடாகச் சாமைக் கஞ்சி கொடுத்தார்கள். மகள் அந்த வீட்டுக் குழந்தைகளோடு குடித்துக்கொண்டிருந்தபோது நான் போனை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். மலையில் டவர் இல்லை. ஆனால் குரல் பதிவுகள் போனிலேயே இருந்தன. கேட்ட பதிவுக்கும் கேட்காத பதிவுக்கும் நிறம் வேறாக இருக்கும். நான் தொடாத பாட்டுகள் எல்லாம் கேட்கப்பட்டிருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் அப்படியே இருந்தது. ஐப்பசியில் வந்தது. நாலு நிமிஷம், பாட்டு இல்லை, வெறும் பேச்சு. பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்ததில் மகள் இதை விட்டிருக்கிறாள். நீளமாக இருந்ததால் நான் விட்டிருக்கிறேன்.

"ஏங்க, பாட்டு கேட்டீங்களா?" என்று ஆரம்பித்தது அவள் குரல். "நடுவுல இருமறது இங்க நான் பாத்துக்கற ஒரு பெரியம்மா. தொண்ணூறு தாண்டிடுச்சி. பெத்த புள்ளைங்க பேருகூட மறந்துபோச்சி. யார்கிட்டயும் பேசறதில்ல. இந்தப் பாட்ட எடுத்தா மட்டும் கூட பாடறாங்க, நான் தப்பா சொன்னா திருத்தறாங்க. வந்ததுலேருந்து இன்னைக்குத்தாங்க, நான் இங்க வந்ததுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு தோணுச்சி."

அப்புறம் சாப்பாடு, குளிர், துணி காயாதது என்று ஏதேதோ சொன்னாள். கடைசியில், "பாப்பா மானக் காட்டு, மானக் காட்டுன்னு கேட்டா. இவங்க பாஷையில மான்னா நிலாங்க. இது நிலாப் பாட்டு. பிரேக் முடிஞ்சிபோச்சி, சொல்ல நேரமில்லாம சிரிச்சிட்டு வெச்சிட்டேன். மூஞ்சி தொங்கிப்போச்சி அவளுக்கு. நீங்க புரியற மாதிரி சொல்லிடுங்க. மறந்துடாதீங்க."

நான் மறக்கவில்லை. கேட்கவேயில்லை. மறதியாக இருந்திருந்தால் தேவலாம்.

அன்று மான் எதுவும் வரவில்லை. இறங்கும் வழியெல்லாம் மகள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கச்சிராயபாளையம் வந்ததும் டவர் கிடைத்துப் போன் கத்தத் தொடங்கியது. உடனே மனைவியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அன்று ஐந்து மணிக்கு அவள் கூப்பிட்டபோதும், "மலைக்குப் போனோம், களைச்சிப்போய்த் தூங்கறா" என்றேன். தூங்கத்தான் செய்தாள், அது பொய்யில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

காரணம் கெட்ட காரணம்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பொங்கலுக்கு அவள் வந்துவிடுவாள். மகளுக்கும் அதுதானே வேண்டும், எனக்கும் அதுதானே வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் அவள் எப்படி வருவாள்? என் பிள்ளை என்னை மறந்துவிட்டது என்ற நினைப்பைச் சுமந்துகொண்டு, அந்தப் பெரியம்மாவைப் பாட்டில்லாமல் விட்டுவிட்டு வருவாள். பிள்ளை பேசாததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அப்படி வந்தவளுக்கு எதிரில் உட்கார்ந்து நான் எப்படிச் சாப்பிடுவது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் என் மடியில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப யோசித்து வைத்திருந்தாள் போல.

"ப்பா, மலையில மான் வரல. அம்மாகிட்டயே கேட்டுடலாம். நான் ஃபுல்லா பாடிக் காட்டுறேன். அப்பவாச்சும் காட்டும் இல்ல?"

"காட்டும்," என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு யோசித்தேன். முதலில் விஷயத்தைப் புரியவைத்துவிடலாம் என்று அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப்போனேன். பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. சாயங்கால வெயிலிலேயே கிழக்கே வெளிறிப்போய் நிலா நின்றது.

"அம்மா பாடற மான் இதுதான்."

பார்த்தாள். "இது நிலா."

"நமக்கு நிலா. அவங்க ஊர்ல இதுக்குப் பேரு மான்."

"பொய்."

"நெசமாடா."

"இதுக்குக் கொம்பே இல்ல," என்றாள். அதற்குமேல் பேச்சே இல்லை என்பது போல இறங்கிப் போய்விட்டாள்.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது. மகள் கட்டிலுக்கு அடியில் ஓடவில்லை. கூடத்தின் நடுவில், பள்ளியில் கடவுள் வாழ்த்துக்கு நிற்கிற மாதிரி, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் போனை அவள் பக்கம் திருப்பினேன். திரையில் என் மனைவி "ஏங்க" என்று ஏதோ ஆரம்பித்து, மகள் நிற்பதைப் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டாள். பாட்டு ஆரம்பித்தது.

முதல் வரியில் மனைவிக்குப் புரியவில்லை. இரண்டாவது வரியில் அந்தத் தொண்டை ஒலி வந்ததும் கண்கள் பெரிதாயின. கொம்பு முளைத்தபோது குழம்பினாள். "ச்சே!" என்று மகள் சலித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கியபோது குபுக்கென்று சிரித்துவிட்டாள். இருமல் வந்ததும் சிரிப்பு நின்றது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு குழந்தை ஓர் இருமலைக்கூட விடாமல் படிப்பதற்கு அதை எத்தனை தடவை கேட்டிருக்க வேண்டும் என்று அவளுக்கு உறைத்துவிட்டது. கண்ணீர் விரல்களுக்கு மேலாக வழிந்தது, துடைக்கவில்லை. பாட்டு முடிந்தது.

"எல்லாத்தையும் கேட்டிருக்கா," என்றேன் நான். "நான்தான் எதையும் கேக்கல. மான் விஷயம் நீ ஐப்பசியிலயே சொல்லியிருக்க. நேத்துதான் கேட்டேன். அவ கோவமெல்லாம் அதான். தப்பு என் மேல."

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத அப்புறம் பேசிக்கலாம்," என்றாள். அந்த 'அப்புறம்' எனக்குப் பிறகு நன்றாகவே கிடைத்தது. அது இங்கே வேண்டாம்.

மகள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. போனுக்கு நேராக வந்து நின்றாள். "ம்மா, மானக் காட்டு," என்றாள். ஒன்றரை மாதத்தில் அம்மாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

என் மனைவி சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே பட்டப்பகல். சாம்பல் நிற வானம், நிலாவும் இல்லை, சூரியனும் இல்லை. மகளின் முகம் மெல்லச் சுருங்கியது. அவ்வளவுதான், மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"இரு கண்ணு, வெச்சிடாத," என்று மனைவி எழுந்தாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டே வேகமாக நடந்தாள். நீண்ட வராந்தாவும் கதவுகளும் ஆடி ஆடிப் போயின. ஒரு கதவைத் தட்டினாள், உள்ளே யாரிடமோ அந்த மொழியில் குழைந்து பேசினாள். "மொகத்தக் காட்டக் கூடாதுங்க, இங்க ரூல்ஸ்," என்று என்னிடம் சொன்னாள். திரையில் ஒரு நாற்காலியின் கைப்பிடியும், மடியில் போர்வையும், அதன்மேல் சுருக்கம் விழுந்த இரண்டு கைகளும் தெரிந்தன.

"இப்போ பாடுடா."

மகள் பாடினாள். இரண்டு சொல் போவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து கட்டைக் குரல் சேர்ந்துகொண்டது. என் மனைவியும் மெதுவாகச் சேர்ந்துகொண்டாள். மான் என்ற சொல் வந்தது. இங்கே மகள் கொம்பு காட்டினாள். அங்கே அந்த வயதான கைகள் போர்வையிலிருந்து எழுந்து, காற்றில் பெரிதாக ஒரு வட்டம் போட்டன. மகள் பாட்டை நிறுத்தினாள். அந்தப் பெரியம்மா நிறுத்தவில்லை. அடுத்த தடவை அந்தச் சொல் வந்தபோதும் அதே வட்டம், மெதுவாக, முழுசாக. பாடி முடித்து இரண்டு தடவை இருமினார். என் மகளுக்கு அந்த இருமல்தான் நம்பிக்கை கொடுத்தது என்று நினைக்கிறேன். இதுவரை போனில் கேட்டதெல்லாம் நிஜமான ஆளின் குரல்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மெல்ல என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் போய், யாருக்கோ இரக்கப்படுகிற மாதிரி ஒரு பாவனை வந்திருந்தது.

"ப்பா, அவங்க ஊர்ல மானே இல்லப்பா. நிலாவப் போயி மான்னு சொல்லிக்கினு இருக்காங்க, பாவம்."

அந்தப் பக்கம் என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். "ஆமாடா. இங்க யாருக்குமே மான்னா இன்னான்னு தெரியாது. நீதான் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்."

"நான் சொல்றேன்," என்றாள் மகள். என் கையிலிருந்து போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கொம்பு எப்படி இருக்கும், வால் எப்படி இருக்கும், அது மலைமேல் இருக்கும், ஆனால் எல்லா நாளும் வராது என்று சொல்லிக்கொண்டே உள்ளறைக்குள் நடந்தாள். நடுநடுவே "புரியுதா?" என்று கேட்டாள். அம்மா ஒவ்வொரு தடவையும் "புரியுதுடா" என்றாள். நானும் பின்னாலேயே போய்க் கட்டிலில் உட்காரப் போனேன்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "ப்பா, நீ வெளிய இரு. நாங்க பேசிக்கினு இருக்கோம்."

ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் 'நாங்க' என்றால் நானும் அவளும்தான். நாங்க தோசை சாப்பிட்டோம், நாங்க மலைக்குப் போறோம் என்று காலாவிடம் சொல்வாள், எனக்குப் பெருமையாக இருக்கும். அன்றைக்கு அந்தச் சொல்லுக்குள் நான் இல்லை. வலிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அம்மாவைச் சேர்த்து அவள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து, அங்கே சாப்பாட்டு நேரம் முடிகிறவரை வெளியிலேயே உட்கார்ந்திருந்தேன்.